கலியாணம் கட்டாத பிள்ளைக்கு "அந்தக் குளிசை" தரமாட்டன் எண்டு பார்மசிக்காரர் சொல்ல ஏலுமோ?

நெத்தலியாறு:

வணக்கம் எல்லாருக்கும். நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு பார்மசியில வேலை செய்யிறன், இன்னும் ரெஜிஸ்டர் பண்ணின பார்மசிஸ்ட் இல்லை, சோதினைக்குப் படிச்சுக்கொண்டு இருக்கிறன். எந்தக் கடை எந்தச் சந்தி எண்டு மட்டும் கேக்காதேங்கோ, ஊர் சின்னன்.

விசயம் என்னண்டா, எங்கட முதலாளிதான் கடையின்ர பார்மசிஸ்ட். நல்ல மனிசன், காசில்லாத சனத்துக்கு கடனுக்கு இன்சுலின் குடுப்பார், கொப்பியில எழுதிப்போட்டுக் கேக்கவே மாட்டார். ஆனா போஸ்டினோர் (அதுதான் அந்த அவசர கருத்தடைக் குளிசை) கலியாணம் கட்டாத பெட்டையளுக்குக் குடுக்கக் கூடாது எண்டு எங்களுக்குச் சொல்லி வச்சிருக்கிறார். சாமான் லாச்சிக்குள்ள இருக்கும், கேட்டா "முடிஞ்சுது" எண்டு சொல்ல வேணும். கொஞ்ச நாளுக்கு முதல் ஒரு பிள்ளை வந்தது, இருபது இருபத்தொண்டு வயசு வரும், ஹெல்மெட்டைக் கழட்டாமலே மெல்லமாக் கேட்டுது, அவர் கழுத்தைப் பாத்தார், தாலி இல்லை, உடனே "இல்லை பிள்ளை" எண்டிட்டார். அது மறு கதை கதைக்காமப் போட்டுது. நேரம் பின்னேரம் அஞ்சரை, பக்கத்துக் கடையெல்லாம் பூட்டுற நேரம்.

பேந்து நான் கேட்டன் ஏன் ஐயா எண்டு. "அது கருவை அழிக்கிற மருந்து, என்ர கையால அந்தப் பாவத்தைச் செய்யமாட்டன், என்ர கடை என்ர விருப்பம்" எண்டார். எனக்கு அதுக்கு மறுமொழி சொல்லத் தெரியேல்லை. மனச்சாட்சிக்கு விரோதமா ஒரு ஆளை மருந்து குடு எண்டு கட்டாயப்படுத்த ஏலுமோ? அவர் சொல்லுற மாதிரி அது கரு அழிக்கிற மருந்துதானோ, சட்டத்தில என்ன இருக்கு, நாளைக்கு நான் ரெஜிஸ்டர் பண்ணி வந்தாப் பிறகு எனக்கும் இப்பிடி ஒரு நிலைமை வந்தா என்ன செய்யிறது... தெரிஞ்சவை சொல்லுங்கோ. சண்டை பிடிக்க வேண்டாம் ப்ளீஸ்.

முறிகண்டிக் கச்சான்:

கடை அவற்ற, சரி. கழுத்து ஆற்ற?

பகிடி ஒருபக்கம் இருக்கட்டும், உந்த மாதிரிக் கடையளில டொக்டர் எழுதின மருந்துத் துண்டு இல்லாமப் போய் "தொண்டை நோகுது" எண்டா அமொக்சிசிலின் நாலு குளிசை கத்திரிக்கோலால வெட்டித் தருவினம், நித்திரை வரேல்லை எண்டா அதுக்கும் ஒண்டு தருவினம். அப்ப எல்லாம் எங்க போச்சு மனச்சாட்சி? பொம்பிளைப் பிள்ளை வந்து நிண்டா மட்டும்தான் அது முழிக்குது. ஆம்பிளையள் பிரீத்தி ஆணுறைப் பைக்கற் கேக்கேக்க ஆராவது "தம்பி கலியாணம் கட்டீட்டியோ" எண்டு கேட்டதைக் கண்டிருக்கிறியளோ?

பழைய டிஸ்பென்சர்:

தங்கச்சி, நான் ஆஸ்பத்திரியில மருந்து குடுத்துக் குடுத்தே தலை நரைச்ச ஆள், இப்ப பென்சன், வவுனியாவில இருக்கிறன். கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவன், சோதினைக்கும் உதவும், பொறுமையா வாசியும்.

முதல் மருந்து. போஸ்டினோருக்குள்ள இருக்கிறது லெவோனோஜெஸ்ட்ரல், மொத்தம் 1.5 மில்லிகிராம். அது முக்கியமாச் செய்யிற வேலை முட்டை வெளியில வாறதைப் பிந்தப் பண்ணுறது. விந்து உள்ளுக்குள்ள நாலைஞ்சு நாள் உயிரோட கிடக்கும், அந்தக் காலத்துக்குள்ள முட்டை வராட்டிக் கரு இல்லை, அவ்வளவுதான் கணக்கு. முட்டை ஏற்கனவே வெளிக்கிட்டிட்டுது எண்டா அது பெரிசா ஒண்டும் செய்யாது. கரு தங்கீட்டுது எண்டா ஒண்டுமே செய்யாது, தங்கின பிள்ளைக்குக் கேடும் இல்லை. 72 மணித்தியாலத்துக்குள்ள எடுக்க வேணும் எண்டு பெட்டியில போட்டிருக்கும், அதை வச்சு மூண்டு நாள் இருக்குத்தானே எண்டு நினைக்கக் கூடாது, எவ்வளவு வெள்ளெனப் போடுகினமோ அவ்வளவுக்குத்தான் பலன். உங்கட முதலாளி "நாளைக்கு வேற கடையில பாரன்" எண்டு நினைச்சிருப்பார், அந்த ஒரு ராத்திரிக்குள்ள முட்டை வந்திட்டா பேந்து குளிசை குடுத்தும் சரி குடுக்காட்டியும் சரி.

அவர் மனசில வச்சிருக்கிறது மிசோப்ரொஸ்டோல். அது வேற சாமான். வயித்துப்புண்ணுக்கும், பிள்ளை பிறந்தாப் பிறகு ரத்தம் போறதை நிப்பாட்டவும் பாவிக்கிறது, கருவைக் கலைக்கவும் செய்யும். எங்கட நாட்டில 1883ம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவை 303ம் பிரிவின்படி தாயின்ர உயிரைக் காப்பாத்த எண்டாத் தவிர கருக்கலைப்புக் குற்றம். ஆகவே அதைத் துண்டு இல்லாமக் கேட்டுவந்தா "ஏலாது" எண்டு சொல்லுறதுக்கு மனச்சாட்சியே தேவையில்லை, சட்டமே சொல்லுது. ரெண்டையும் ஒண்டாக் குழப்பிப்போட்டு அதுக்கு மேல ஒரு பாவ புண்ணியக் கணக்கு எழுதுறதுதான் பிழை.

அடுத்தது சட்டம். கடை லைசன்ஸ் வாறது 2015ம் ஆண்டின் 5ம் இலக்கச் சட்டத்தின்படி என்.எம்.ஆர்.ஏ. (தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை) இட்ட இருந்து, பார்மசிஸ்டின்ர பதிவு இலங்கை மருத்துவ சபையில. "சமயத்துக்கு விரோதம்" எண்டு அரசியலமைப்பைக் காட்டுவினம், ஓம், 10ம் உறுப்புரையில சிந்தனை, மனச்சாட்சி, சமயம் மூண்டுக்கும் சுதந்திரம் எண்டு இருக்கு. ஆனா அதே புத்தகத்தில 12ம் உறுப்புரையின் 3ம் பந்தியையும் வாசிக்கச் சொல்லும், இனம், சமயம், மொழி, சாதி, பால் எண்டு ஒண்டைக் காட்டி ஒருத்தரைக் கடைக்குள்ள வர விடாமத் தடுக்கவோ நிபந்தனை போடவோ கூடாது எண்டு எழுதியிருக்கு. அது கோயில் வாசலுக்கு மட்டும் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறம், கடை எண்ட சொல்லும் அதுக்குள்ள இருக்கு.

இன்னொண்டு. 2003ம் ஆண்டின் 9ம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். 15ம் பிரிவு, விக்கிறதுக்கு வச்சிருக்கிற சாமானை விக்கமாட்டன் எண்டு சொல்லக் கூடாது. 16ம் பிரிவு, வச்சுக்கொண்டே இல்லை எண்டும் சொல்லக் கூடாது. சீனிக்கும் அரிசிக்கும் பால்மாவுக்கும்தான் சனம் இதைக் கதைக்கிறது. மருந்துக்குத் தனிச் சட்டம் இருக்கு எண்டு வக்கீல்மார் வாதாடலாம், வாதாடட்டும். ஆனா உங்கட கடையில நடக்கிறதில எனக்கு மெத்தக் கோவம் வாறது அந்த "முடிஞ்சுது" எண்ட பொய்யிலதான். மனச்சாட்சி எண்டு சொல்லுறவர் அந்தப் பிள்ளையின்ர முகத்துக்கு நேர "எனக்கு விருப்பமில்லை, நான் தரமாட்டன், இன்ன இடத்தில கிடைக்கும்" எண்டு சொல்ல வேணும். பொய்யும் சொல்லி, அதையும் வேலைக்கு நிக்கிற பிள்ளையளின்ர வாயால சொல்ல வைக்கிறது என்ன மனச்சாட்சி?

மன்னார் றோட்டு:

டிஸ்பென்சர் ஐயா, உங்களில மரியாதை இருக்கு, ஆனா ஒரு பக்கமா எழுதிப்போட்டியள். நான் கத்தோலிக்கன், வருசா வருசம் ஆவணியில மடு மாதா கோயிலுக்குப் போறவன், சொந்தக்காரர் ரெண்டு பேர் இந்தத் தொழிலில இருக்கினம். எங்கட திருச்சபை கருத்தடையையே ஏற்கேல்லை, அது கரு தங்க முதலோ பிறகோ எண்டது எங்களுக்குப் பிரச்சினை இல்லை. 2007 ஒக்டோபரில திருத்தந்தை 16ம் பெனடிக்ட் கத்தோலிக்க மருந்தாளர்மாரின்ர மாநாட்டில கதைக்கேக்க மனச்சாட்சியின்படி மறுக்கிறது அவையின்ர உரிமை எண்டு தெளிவாச் சொன்னவர்.

சமயத்தை விடுவம். வெறிக்காகப் போட பிரிகபலின் (நரம்பு நோவுக்குக் குடுக்கிற மருந்து) குளிசை கேட்டு வாற பொடியளுக்கு "தரமாட்டன் போடா" எண்டு சொல்லுற பார்மசிக்காரரை எல்லாரும் கைதட்டிப் பாராட்டுறியள்தானே? வவுனியாவிலயும் யாழ்ப்பாணத்திலயும் உந்தக் குளிசையால எத்தனை குடும்பம் சீரழிஞ்சது எண்டு உங்களுக்கே தெரியும். அந்த மனிசனை நிப்பாட்டுறது மனச்சாட்சி. அது வேணும், இது வேண்டாம் எண்டா எப்பிடி? காசைப் போட்டாச் சாமானைத் தள்ளுற மிசின்தான் வேணும் எண்டா எதுக்கு ஒருத்தன் படிச்சுச் சோதினை எழுதி வாறான். நாளைக்கு இந்த நாட்டில கருணைக்கொலைக்கு மருந்து எழுதலாம் எண்டு சட்டம் வந்தா அதையும் வாய் மூடிக் குடுக்க வேணுமோ?

லண்டன் வன்னியன்:

நான் இங்க பார்மசியில பதினைஞ்சு வருசத்துக்கு மேல வேலை செய்யிறன். இங்க முந்தி "எனக்கு விருப்பமில்லை, அடுத்த கடைக்குப் போங்கோ" எண்டு சொன்னாப் போதும். 2017இல எங்களைக் கட்டுப்படுத்துற ஜெனரல் பார்மசூட்டிக்கல் கவுன்சில் அதை மாத்தி, உன்ர நம்பிக்கை உன்னோட, வந்த நோயாளிக்குச் சேவை குறையக் கூடாது எண்டு கொண்டு வந்தவை. இப்ப நான் மறுக்கிறது எண்டா அந்த ஆளுக்கு நேரத்துக்கு மருந்து கிடைக்கும் எண்டதை நான்தான் உறுதிப்படுத்த வேணும், சும்மா கையைக் காட்டி விட ஏலாது.

பிரான்சில ரெண்டு பேர் ஒரு ஊரில பார்மசி வச்சிருந்தவை, டொக்டர் துண்டு எழுதியும் கருத்தடைக் குளிசை தரமாட்டம் எண்டவை. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போனது. 2001 ஒக்டோபரில கோட் ஏற்கேல்லை. அந்த மருந்து பார்மசியில மட்டும்தான் சட்டப்படி விக்கலாம், அப்பிடி இருக்கேக்க உன்ர சமயத்தை மற்றவையில திணிக்க ஏலாது, சமயத்தை வெளிக்காட்ட உனக்குக் கடைக்கு வெளியில வேற எத்தனையோ வழி இருக்கு எண்டு சொல்லிப்போட்டினம். அமெரிக்காவில வோஷிங்டன் மாநிலத்தில 2007இல போட்ட விதி இன்னும் நல்லம் எண்டு நினைக்கிறன். தனி ஆள் மனச்சாட்சிக்காக ஒதுங்கலாம், ஆனா கடை மறுக்கேலாது, அங்கயே வேற பார்மசிஸ்ட் குடுக்க வேணும். அதுக்கு எதிரா ஒரு குடும்பக் கடைக்காரர் வழக்குப் போட்டு 2015இல மேன்முறையீட்டில தோத்து, 2016இல உச்ச நீதிமன்றம் எடுத்துக் கேக்கவே மாட்டன் எண்டிட்டுது, மூண்டு நீதவான்மார் மட்டும் கேக்கத்தான் வேணும் எண்டு மாறி எழுதினவை. எங்கட ஆக்களும் அதைப் பாத்துப் பழக வேணும்.

முறிகண்டிக் கச்சான்:

லண்டன் அண்ணை, உங்க மூலைக்கு மூலை கடை, கடைக்கு ரெண்டு பார்மசிஸ்ட். இங்க வந்து பாருங்கோ. மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவுக்கு ஏ34 றோட்டு அம்பது கிலோமீற்றர் கிட்ட, நடுவில ஒட்டுசுட்டான். பொழுதுபட்டா பஸ் இல்லை, ஆனை நிக்கும். அந்தப் பிள்ளையை "அடுத்த கடைக்குப் போ" எண்டா அது தேப்பனிட்ட மோட்டச்சைக்கிள் கேட்டு, எங்க போறாய் எண்டதுக்கு ஒரு பொய் சொல்லி, சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு போக வேணும். ஒதுங்கி நிக்கிறன் எண்டு சொல்லுறவர் இங்க ஒதுங்கினா பின்னால மதில்தான்.

குஞ்சக்கா:

பிள்ளையள், நான் முல்லைத்தீவு மாவட்டத்தில குடும்பநல உத்தியோகத்தரா (மிட்வைஃப்) இருந்து ரிட்டயர் ஆனனான், சைக்கிளில ஒழுங்கை ஒழுங்கையாப் போனனான். நீங்கள் எல்லாரும் கலியாணம் கட்டாத பெட்டையைப் பற்றியே கதைக்கிறியள். உந்தக் குளிசை கேட்டு வாறவை ஆர் எண்டு எனக்குத் தெரியும். புருசன் கட்டாரில இருந்து ஒரு மாச லீவில வந்து நிக்கிற பொஞ்சாதி. கருத்தடை ஊசி போடுற திகதியை விட்டிட்டுப் பயந்து வாற நாலு பிள்ளைக்காரி. சண்டையில புருசனைக் குடுத்திட்டுத் தனிய வீட்டைக் கொண்டிழுக்கிற பொம்பிளை, அவளுக்கும் முப்பது வயசு, அவளும் மனிசிதானே. அவள் கடையில போய் நிண்டா என்ன நடக்கும் சொல்லுங்கோ பாப்பம். கழுத்தைப் பாக்கத் தேவையில்லை, ஊருக்கே தெரியும் புருசன் இல்லை எண்டு. மருந்து குடுக்காமல் விடுறது ஒண்டு, பின்னேரத்துக்குள்ள அந்தக் கதை குளத்தடிக்குப் போய்ச் சேருறது இன்னொண்டு. அதுக்குப் பயந்து ஒரு குளிசைக்காக பஸ் ஏறி வவுனியாவுக்குப் போய் வந்தவை இருக்கினம்.

இன்னொண்டையும் ஒருத்தரும் எழுதேல்லை. ஹெல்மெட் கழட்டாமல் நிண்ட அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது எண்டு ஆருக்குத் தெரியும்? பலவந்தப்படுத்தின ஒரு பிள்ளை கடையில வந்து "என்னை இப்பிடிச் செய்து போட்டாங்கள்" எண்டு சொல்லிக்கொண்டு வராது. குளிசையை மட்டும் கேக்கும். அப்பிடி ஒரு பிள்ளை எண்டா குளிசை மட்டும் போதாது, எயிட்ஸ் தொத்தாமல் இருக்கக் குடுக்கிற மருந்தும் அதே 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்க வேணும், அது ஆஸ்பத்திரியில இருக்கு. பெரிய ஆஸ்பத்திரியளில "நட்பு நிலையம்" எண்டு பொம்பிளையளுக்கு ஒரு அறை இருக்கு, 1938 எண்ட இலக்கத்துக்கு அடிக்கலாம். கடைக்காரர் "இல்லை" எண்டு வாசலோட திருப்பி அனுப்பினா இதை ஆர் அதுக்குச் சொல்லுறது?

பதினாறுக்குக் குறைஞ்ச பிள்ளை எண்டா கதை வேற, அது சட்டப்படி குற்றம் நடந்த பிள்ளை. அதுக்குக் குளிசையைக் குடுத்திட்டு அனுப்புறதும் பிழை, கலைச்சு விடுறதும் பிழை. இருத்தி வச்சுக் கதைச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேணும், 1929 இருக்கு.

குளிசை கிடைக்காட்டி என்ன நடக்கும் எண்டும் சொல்லுறன். பப்பாசிக்காய், அன்னாசி எண்டு தொடங்கும், பேந்து ஆரோ ஒருத்தன் ஒளிச்சு விக்கிற மற்றக் குளிசை, அதுவும் இல்லாட்டி எருக்கலங்குச்சி. காய்ச்சலும் ரத்தமுமா நடுச்சாமத்தில கொண்டு வருவினம், என்ன செய்தனி எண்டு கேட்டா வாயே திறக்காள். தம்பி மன்னார் றோட்டு, கரு அழியக் கூடாது எண்டு நினைக்கிற ஆள் முதல்ல அந்தக் குளிசையைத்தான் குடுக்க வேணும்.

நெத்தலியாறு:

குஞ்சக்கா, டிஸ்பென்சர் ஐயா, எல்லாருக்கும் நன்றி. நான் பெட்டிக்குள்ள இருந்த துண்டுப் பிரசுரத்தை எடுத்து முதலாளிக்குக் காட்டினன், ஏற்கனவே கரு தங்கியிருந்தா இது வேலை செய்யாது எண்டு எழுதியிருக்கிற இடத்தை. கண்ணாடியைப் போட்டு ரெண்டு தரம் வாசிச்சார். "கம்பெனிக்காரன் அப்பிடித்தான் எழுதுவான்" எண்டார். ஆனா இனி இல்லை எண்டு பொய் சொல்லச் சொல்லமாட்டன் எண்டும் சொன்னவர். குடுக்கிறதோ எண்டு கேட்டா மறுமொழி இல்லை, பில் கொப்பியை எடுத்துப் பாக்கத் தொடங்கீட்டார்.

பழைய டிஸ்பென்சர்:

அவ்வளவுக்கு வந்ததே பெரிய காரியம்.

மன்னார் றோட்டுத் தம்பி, பிரிகபலினுக்கு வாறன், நல்ல கேள்வி. பொடியனுக்கு நான் மறுக்கிறது அது துண்டுக்கு மட்டும் குடுக்கிற மருந்து, அதோட அவனுக்கே அது கேடு எண்டதால. மந்திரியின்ர மகன் வந்தாலும் அதே மறுமொழிதான், ஏன் எண்டு கேட்டா மருந்துப் புத்தகத்தைத் திறந்து காட்டுவன். போஸ்டினோருக்கும் நான் கேள்வி கேப்பன். எப்ப நடந்தது, கடைசியா மாதவிடாய் எப்ப, கசக் (காசநோய்) குளிசை எடுக்கிறியோ, வலிப்புக் குளிசை எடுக்கிறியோ எண்டு. ரிபாம்பிசினும் காபமசெபினும் இதின்ர வேலையைக் குறைக்கும், அப்பிடி எண்டா அஞ்சு நாளுக்குள்ள ஆஸ்பத்திரியில செப்பு லூப் (கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற கருத்தடைச் சாமான்) போடுறது நல்லம். மூண்டு மணித்தியாலத்துக்குள்ள சத்தி எடுத்தா திரும்ப ஒண்டு போட வேணும் எண்டும் சொல்லுவன். அது படிச்சவன் கேக்கிற கேள்வி. கலியாணம் கட்டீட்டியோ எண்டது பக்கத்து வீட்டுக்காரி கேக்கிற கேள்வி.

கருணைக்கொலைக் கதை இங்க வரட்டும், அப்ப நானும் உம்மோட நிண்டு ஒதுங்கலாம். ஒதுங்கிறதுக்கு நான் எதிரில்லை.

மன்னார் றோட்டு:

ஐயா, குஞ்சக்கா சொன்னது யோசிக்க வைக்குது, பலவந்தம் நடந்த பிள்ளையின்ர விசயத்தில நான் வாதாட வரேல்லை. ஆனா என்ர கேள்விக்கு நேரா மறுமொழி வேணும். ஒதுங்கலாம் எண்டுறியள். கடையில நான் ஒருத்தன் மட்டும், ஊரில கடையும் ஒண்டு மட்டும் எண்டா? அப்ப கத்தோலிக்கன் வன்னியில பார்மசி போடக் கூடாது எண்டுறியளோ?

பழைய டிஸ்பென்சர்:

போடலாம் தம்பி. வவுனியா பஜாரில போடும், ஆஸ்பத்திரிக்கு முன்னால வரிசையாக் கடை இருக்கிற இடத்தில போடும், நீர் மறுத்தாப் பக்கத்துக் கடைக்கு ரெண்டு நிமிச நடை. ஒரே ஒரு கடை இருக்கிற ஊரில லைசன்ஸ் எடுத்தா அந்த ஊர்ச் சனம் முழுக்க உம்மட கையிலதான், அந்தக் கையை அரைவாசிச் சனத்துக்கு மட்டும் நீட்ட ஏலாது. அங்கதான் போடுவன் எண்டா ரெஜிஸ்டர் பண்ணின இன்னொரு ஆளை வையும், செலவு உம்மட. மனச்சாட்சி உம்மடதெண்டா அதுக்கு வாற செலவும் உம்மடதுதான், அந்தப் பெட்டையின்ர தலையில கட்டேலாது. மடுவுக்குப் போனா என்னையும் நினைச்சுக்கொள்ளும்.

மன்னார் றோட்டு:

நினைக்கிறன். ஆனா ஒத்துக்கொள்ளேல்லை.

நெத்தலியாறு:

இன்னொரு கேள்வி, குஞ்சக்காவுக்கு. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசின்ர போன் நம்பரை எழுதிக் கண்ணாடியில ஒட்ட முதலாளி ஓம் எண்டிட்டார். ஆனா ஒபிஸ் நாலேகாலோட முடிஞ்சிடும். அஞ்சரைக்கு ஒரு பிள்ளை வந்து, இவரும் தரமாட்டன் எண்டு நிண்டா நான் எங்க அனுப்புறது?

குஞ்சக்கா:

ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பு, அது இரவு பகல் திறந்திருக்கும். ஆனா அனுப்ப முதல் நீயே போன் அடிச்சு குளிசை இருக்கோ எண்டு கேட்டிட்டு அனுப்பு, இல்லாட்டி அங்கயும் போய் "முடிஞ்சுது" எண்டு கேட்டுக்கொண்டு நிக்கும். பிள்ளையின்ர பேரைப் போனில சொல்லிப்போடாதை. உன்ர ஏரியா மிட்வைஃபின்ர மொபைல் நம்பரையும் வாங்கி வை, கிளினிக் நாளில போய்க் கேட்டாத் தருவா.